அழிந்துபோன ஊர்வன என்ன தின்றன? பல்லையும் தாடையையும் படிக்கும் முறை

ஒரு புதைபடிவப் பல்லைப் பார்த்ததும் "கூராக இருக்கிறது, அப்படியானால் இறைச்சி தின்றிருக்கும்" என்று முடிவு கட்டிவிடுவது புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக எடுக்கும் குறுக்கு வழி. மீன் பிடிக்கிற பல்லும் கூர்தான், பூச்சி பிடிக்கிற பல்லும் கூர்தான். இலை தின்னும் பல்லியான இகுவானாவின் பல்லில் விரலை வைத்தாலும் குத்தும். கூர்மையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

பல்லிடமும் தாடையிடமும் மூன்று தனித்தனிக் கேள்விகள் கேட்க வேண்டும். அந்த வாயால் என்ன செய்ய முடிந்தது? இதற்கு விடை வடிவத்தில் இருக்கிறது. அந்த வாய் உண்மையில் என்ன செய்தது? இதைத் தேய்மானம் சொல்லும். ஏதோ ஒரு நாள் அது எதைத்தான் விழுங்கியது? இதற்கு வயிற்றில் மிஞ்சிய எச்சம், புதைபடிவச் சாணம், கடித்த தடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை மூன்றாவது கேள்விக்கு எழுதிவைப்பதில்தான் இந்தத் துறையின் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே போகின்றன.

கருவிகள் அதிகம் வேண்டாம். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், வெர்னியர் காலிப்பர், மென்மையான தூரிகை, அளவுகோலோடு படம் எடுக்க ஒரு கேமரா, ஒரு நோட்டு போதும். காலிப்பர் பிளாஸ்டிக் முனை கொண்டதாக இருக்கட்டும். எஃகு முனை பல்லின் மேலுறையான எனாமலில் கீறல் போட்டுவிடும். பிறகு அந்தக் கீறலையே விலங்கு தின்ற தடம் என்று யாராவது எண்ணக்கூடும்.

படி 1: கையில் இருப்பது எப்படிப்பட்ட பல்?

பெரும்பாலான ஊர்வனவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். அதனால் பாறையில் தனியாகக் கிடைக்கும் பற்களில் ஏராளமானவை உயிரோடிருந்த விலங்கின் வாயிலிருந்து உதிர்ந்தவை. பல்லைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வேர் இல்லாமல், அடி குழிந்து, ஓரம் அரித்ததுபோல் மெலிந்திருந்தால் அது தானாக உதிர்ந்தது. கீழே வளர்ந்த புதுப் பல் பழைய வேரைக் கரைத்துவிட்டது என்று பொருள். நீண்ட வேர் மகுடத்தோடு (பல்லின் வெளியே தெரியும் பகுதி) சேர்ந்தே இருந்தால், விலங்கு இறந்த பிறகு தாடையிலிருந்து கழன்ற பல்.

இந்த வேறுபாடு அடுத்த படிகள் எல்லாவற்றையும் பாதிக்கும். உதிர்ந்த பல் தன் வேலையை முடித்துவிட்டு வந்தது. தேய்மானம் பார்க்க அதுதான் சிறந்தது, வடிவம் அளக்க அது அவ்வளவு நம்பகமில்லை, ஏனென்றால் நுனி ஏற்கெனவே போயிருக்கும். தாடைக்குள் இன்னும் வெளிவராமல் இருக்கும் பல்லில் தேய்மானமே இருக்காது. ஆனால் விளிம்பில் ரம்பம்போல் இருக்கும் நுண்பற்கள் வரை எல்லாம் முழுமையாக இருக்கும்.

அடுத்து, சேதம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆற்று மணலில் உருண்ட பல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கும், உடைந்த விளிம்புகூட வழவழவென்று இருக்கும். தின்றதால் வந்த தேய்மானம் எதிர்ப்பல்லோ உணவோ படும் இடத்தில் மட்டும் இருக்கும். உடைந்த விளிம்பு புதிதாகக் கூராக இருந்தால் அது தோண்டும்போதோ பெட்டியிலோ உடைந்தது. எனாமல் முழுவதும் போய், உள்ளே இருக்கும் டென்டைன் மட்டும் பல்லின் வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்: முதலையின் வயிற்று அமிலம் அப்படித்தான் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. அந்தப் பல்லின் சொந்தக்காரரே இன்னொன்றுக்கு இரையாகியிருக்கலாம்.

விலைக்கு வரும் மாதிரிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தனித்தனிப் பற்களை மணலும் பசையும் கலந்த கலவையில் பதித்து "முழுத் தாடை" என்று விற்பது கடல் ஊர்வனவான மோசாசார்களின் விஷயத்தில் அடிக்கடி நடக்கிறது. எல்லாப் பல்லும் ஒரே உயரம், மாற்றுப் பல் முளைக்கும் குழி ஒன்றுகூட இல்லை, தாடை எலும்பின் அமைப்பே தெரியவில்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள். இருட்டில் புறஊதா டார்ச் அடித்தால் பசையும் நிரப்பிய இடமும் பாறையிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். இப்படிப்பட்ட மாதிரியில் பல்லின் வடிவம் மட்டும்தான் உண்மை. வரிசையும் இடைவெளியும் செய்தவரின் கைவேலை.

படி 2: அளவுகள்

ஒவ்வொரு பல்லுக்கும் குறைந்தது இவ்வளவாவது எழுதிக்கொள்ளுங்கள்:

1. அடி நீளம்: எனாமல் முடியும் மட்டத்தில், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை.
2. அடி அகலம்: அதே மட்டத்தில், நாக்குப் பக்கத்திலிருந்து கன்னப் பக்கம் வரை.
3. மகுட உயரம்: அதே மட்டத்திலிருந்து நுனி வரை.
4. நுண்பல் எண்ணிக்கை: வெட்டுவிளிம்பின் நடுப்பகுதியில் 5 மி.மீ. நீளத்துக்குள் எத்தனை. முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் தனித்தனியாக.

அகலத்தை நீளத்தால் வகுத்தால் பல் எவ்வளவு தட்டை என்று தெரியும். நீளம் 18 மி.மீ., அகலம் 8 மி.மீ., உயரம் 34 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 8ஐ 18ஆல் வகுத்தால் 0.44, இது கத்தி வகை. உயரத்தை நீளத்தால் வகுத்தால் 1.9. முதல் விகிதம் 0.6ஐத் தாண்டினால் பல் தடித்தது. டைரனோசாரஸின் பக்கவாட்டுப் பற்கள் அப்படிப்பட்டவை. 1ஐ நெருங்கினால் உருண்டையான கூம்பு.

இங்கே தவறுவது பெரும்பாலும் அடிமட்டத்தில்தான். எனாமல் முடியும் கோடு பல்லின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒருமுறை எந்தப் பக்கத்தை எடுத்தீர்களோ, எல்லாப் பல்லுக்கும் அதையே எடுங்கள். பல் சின்னதாக இருந்து 5 மி.மீ. விளிம்பே கிடைக்காவிட்டால் 1 அல்லது 2 மி.மீ.க்குள் எண்ணிப் பெருக்கலாம், ஆனால் அப்படிச் செய்ததைக் குறிப்பில் எழுதியாக வேண்டும். நுனிக்கும் அடிக்கும் பக்கத்தில் நுண்பற்கள் சிறியவை. அங்கே எண்ணினால் எண் கூடிவிடும்.

பல் வாயில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் முடிந்தவரை கண்டுபிடியுங்கள். டைரனோசார்களின் முன்பற்களைக் குறுக்கே வெட்டினால் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. பின்னால் போகப் போக அதே வாயில் தடித்த நீள்வட்டம். ஒரு விலங்கின் முன்பல்லை இன்னொன்றின் பக்கப்பல்லோடு ஒப்பிட்டு இவற்றின் உணவு வேறு என்று சொன்னால், வேறுபாடு உணவில் இல்லை, பல்லின் இடத்தில்தான் இருக்கிறது.

படி 3: வடிவம் எதைச் செய்யும்?

இப்போது வடிவத்தை வேலையோடு பொருத்தலாம். வேலையோடு மட்டும், உணவுப் பட்டியலோடு அல்ல. கடல் ஊர்வனவற்றுக்கு இதை முறைப்படுத்தியவர் புதைபடிவ ஆய்வாளர் ஜூடி மஸாரே. 1987இல் அவர் மகுடத்தின் வடிவம், நுனியின் கூர்மை, தேய்மானம் ஆகியவற்றை வைத்து, பற்களைக் குத்துபவை, வெட்டுபவை, நொறுக்குபவை என்றெல்லாம் வேலைவாரியாகப் பிரித்தார். "மீனுண்ணிப் பல்" என்று சொல்வதைவிட "குத்திப் பிடிக்கும் பல்" என்று சொல்வது ஏன் நல்லது என்பது இந்த முறையைப் பழகினால் விளங்கும். மெல்லிய உடலுள்ள கணவாயும் மீனும் ஒரே கூம்பில் மாட்டும்.

தட்டையான, பின்னோக்கி வளைந்த, இரு விளிம்பிலும் நுண்பற்கள் உள்ள பல் சதையை அறுக்கும். இதில் நுண்பற்கள் விளிம்புக்குச் செங்குத்தாக, நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். கொமோடோ உடும்பின் பல்லில் இன்றைக்கும் பார்க்கலாம். லென்ஸில் பார்க்கும்போது இரண்டு நுண்பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தையும் கவனியுங்கள். இறைச்சி தின்னும் டைனோசார்களில் அந்தப் பள்ளம் வெளியே தெரிவதைவிட ஆழமாக டென்டைனுக்குள் மடிந்து போகிறது. நுண்பல் சீக்கிரம் உடைந்துபோகாமல் அது தாங்குகிறது.

இதோடு இலையுண்ணிப் பல்லைக் குழப்பிக்கொள்வது மிக எளிது, அதனால் இங்கே நேரம் செலவிடுங்கள். இகுவானாவின் பல்லிலும் விளிம்பில் முட்கள் உண்டு. ஆனால் அவை பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை, பல்லின் நுனியை நோக்கிச் சாய்ந்து நிற்பவை. மகுடம் அடியில் குறுகி, நடுவில் அகன்று, இலை வடிவத்தில் இருக்கும், பின்னோக்கி வளையாது. தொடக்ககாலத் தாவரவுண்ணி டைனோசார்களிலும் இதே அமைப்புதான். லென்ஸில் இந்த மூன்றையும் சரிபார்க்காமல் "ரம்பப் பல், எனவே இறைச்சி" என்று எழுதக் கூடாது.

இலை வடிவப் பல் யாருடையது என்பதும் தனிக் கேள்வி. ரெவுயெல்டோசாரஸ் என்ற விலங்கை அதன் பல்லை மட்டும் வைத்துத் தாவரவுண்ணி டைனோசார் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். எலும்புக்கூடு கிடைத்த பிறகு, 2005இல், அது முதலைகளின் உறவுக்கிளையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஒரே மாதிரி உணவு, தொடர்பில்லாத கிளைகளிலும் ஒரே மாதிரிப் பல்லை உருவாக்கும். பல்லிலிருந்து உணவை ஊகிப்பது ஒரு வேலை. பல்லிலிருந்து குலத்தைச் சொல்வது வேறு வேலை, அதைவிடச் சிக்கலானது.

கூம்புப் பற்களில் உயரத்தையும் பருமனையும் பாருங்கள். ஒல்லியாக, உயரமாக, மேலும் கீழும் கோத்துக்கொள்ளும்படி இருந்தால் வழுக்கும் இரையைக் குத்திப் பிடிப்பதற்கு. ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசாரின் பல்லில் நுண்பற்களே இல்லை, நெடுக்குக் கோடுகள் உண்டு. அதன் உறவான பேரியோனிக்ஸில் நுண்பற்கள் உண்டு, ஆனால் லென்ஸ் இல்லாமல் பார்க்க முடியாத அளவு நுணுக்கம். கட்டையாக, தடித்த நுனியோடு இருக்கும் கூம்பு வேறு விஷயம். அது எலும்பையோ தடித்த ஓட்டையோ எதிர்கொள்ளும்.

நொறுக்கும் பற்கள் கண்டுபிடிக்க எளியவை. குளோபிடென்ஸ் என்ற மோசாசாரின் பின்பற்கள் உருண்டை உருண்டையாக இருக்கும். பிளேக்கோடஸ் என்ற கடல் ஊர்வனவில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள் ஓட்டுயிரிகளைப் பெயர்த்தெடுக்க, அண்ணத்தில் பரப்பிவைத்த தட்டைப் பற்கள் நொறுக்க. 1833இல் இயற்கையியலாளர் அகாசி அந்தத் தட்டைப் பற்களைப் பார்த்து அதை மீன் என்றே பெயரிட்டார். 1858இல் ஓவன்தான் அது ஊர்வன என்று காட்டினார். வேலை சரியாக ஊகிக்கப்பட்டாலும் ஆள் மாறிப்போகும் என்பதற்கு இதுவும் சான்று.

வடிகட்டும் பற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அர்ஜென்டினாவில் கிடைத்த டெரோடாஸ்ட்ரோ என்ற பறக்கும் ஊர்வனவின் கீழ்த்தாடையில் மயிரிழை போன்ற பற்கள் ஆயிரத்தை ஒட்டி இருந்தன. இவ்வளவு நெருக்கமும் நீளமும் இருந்தால் வேறு வேலை இருக்க வழியில்லை. பல்லே இல்லாத அலகுகளில் மட்டும் கவனம்: எலும்பின் மேல் கொம்புறை இருந்தது, வெட்டும் விளிம்பு அதில்தான் இருந்தது, அது பெரும்பாலும் புதைபடிவமாகாது. எலும்பை மட்டும் பார்த்து அலகின் கூர்மையைச் சொல்லாதீர்கள்.

படி 4: தாடை ஒரு நெம்புகோல்

பல் என்ன கருவி என்று தெரிந்த பிறகு அதை யார், எவ்வளவு பலத்தோடு பிடித்திருந்தார்கள் என்பது தாடையில் இருக்கிறது. முதலில் தாடை மூட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பல்வரிசையை ஒரு கோடாக நீட்டினால் அது மூட்டின் வழியாகவே போகிறதா? அப்படியானால் தாடை கத்தரிக்கோல்போல் பின்னாலிருந்து முன்னால் படிப்படியாக மூடும். வெட்டுவதற்கு ஏற்ற அமைப்பு, இறைச்சியுண்ணிகளில் இது வழக்கம். மூட்டு அந்தக் கோட்டுக்குக் கீழேயோ மேலேயோ கணிசமாக விலகியிருந்தால் எல்லாப் பற்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சந்திக்கும். நசுக்குவதற்கும் அரைப்பதற்கும் அதுதான் வசதி. தாவரவுண்ணிகளில் அதோடு, கீழ்த்தாடையின் பின்பகுதியில் மேல்நோக்கி உயர்ந்த ஒரு எலும்பு முனைப்பும் இருக்கும். கடிக்கும் தசை அங்கே பற்றுவதால் நெம்புகோலின் கை நீளமாகிறது.

அளப்பது எப்படி? கீழ்த்தாடையை நேர்ப் பக்கவாட்டில் படம் எடுங்கள். கேமரா தாடைக்குச் செங்குத்தாக, முடிந்த அளவு தள்ளி இருக்கட்டும். கிட்டத்தில் வைத்தால் நடுப்பகுதி பெரிதாகவும் ஓரங்கள் சிறிதாகவும் விழும். படத்தில் மூட்டின் மையத்தைக் குறியுங்கள். கடிக்கும் தசை இழுக்கும் திசையை ஒரு கோடாக வரைந்து, மூட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரத்தை அளங்கள். அது உள்ளீட்டுக் கை. மூட்டிலிருந்து ஒரு பல்லுக்கு உள்ள தூரம் வெளியீட்டுக் கை. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

உள்ளீட்டுக் கை 60 மி.மீ., முன்பல் 400 மி.மீ. தொலைவில், பின்பல் 150 மி.மீ. தொலைவில் என்றால், முன்பல்லில் விகிதம் 0.15, பின்பல்லில் 0.40. அதே தசை, அதே இழுப்பு, ஆனால் பின்பல்லில் இரண்டரை மடங்குக்கும் மேல் விசை. இரையை முன்பல்லால் பிடித்துப் பின்பல்லால் நொறுக்கும் விலங்குகளில் பற்களின் வடிவமும் இதற்கேற்ப மாறுவதைப் பார்க்கலாம். முன்பல்லில் விகிதம் குறைவாக இருந்தால் தாடை வேகமாக மூடும், பலம் குறையும். மீனைப் பிடிக்க வேகம் போதும்.

விகிதத்தை அளப்பதோடு நிறுத்திக்கொள்வது தொடக்கக்காரர்களுக்கு நல்லது. அதை விசையின் அலகான நியூட்டன் கணக்கில் மாற்றுவதற்குத் தசையின் பருமன் தெரிய வேண்டும், தசையோ அழிந்துவிட்டது. டைரனோசாரஸ் ரெக்ஸின் கடிவிசை 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை என்று 2012இல் ஒரு கணிப்பு வந்தது. 2017இல் இன்னொரு கணிப்பு சுமார் 8,500 முதல் 34,500 வரை என்றது. எலும்பு அதேதான். தசையைப் பற்றிய அனுமானம் மாறியது, எண் மாறியது.

மூக்குப்பகுதியின் அகலமும் ஆழமும் விசையைவிடப் பல நேரங்களில் அதிகம் பேசும். மீன் தின்னும் முதலையினமான கரியாலின் ஒல்லி மூக்கு தண்ணீரில் பக்கவாட்டில் வீசும்போது எதிர்ப்பு குறைவு, ஆனால் திமிறும் பெரிய இரையை முறுக்கினால் தாங்காது. ஆழமான, அகன்ற மூக்கு முறுக்கத்தைத் தாங்கும். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் எவ்வளவு நீளத்துக்கு ஒட்டியிருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாடை மேலும் கீழும் மட்டும்தான் அசைந்தது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நியூசிலாந்தில் இன்றும் வாழும், பல்லி போன்ற ஊர்வனவான டுவடாரா கடித்தபின் கீழ்த்தாடையை முன்னோக்கித் தள்ளி அறுக்கிறது. கோதாவரிப் படுகைப் பாறைகளில் கிடைக்கும் ஹைபரோடபெடான் என்ற ரிங்கோசாரின் (அழிந்துபோன தாவரவுண்ணி ஊர்வன வகை) மேல்தாடையில் பல வரிசைப் பற்களுக்கு நடுவே ஒரு நீள்பள்ளம். கீழ்த்தாடையின் விளிம்பு அதற்குள் சரியாக இறங்கும். பள்ளத்தின் நீளத்தையும் கீழ்விளிம்பின் நீளத்தையும் ஒப்பிட்டால், தாடை முன்பின்னாக நகர இடம் இருந்ததா என்று சொல்லிவிடலாம்.

இந்தப் படியில் ஆபத்து நசுங்கிய மண்டையோடு. சீனாவின் யூனானில் கிடைத்த அடோபோடென்டேடஸ் என்ற கடல் ஊர்வன 2014இல் விவரிக்கப்பட்டது. மேல்தாடை முன்னால் நெடுக்குவாக்கில் பிளந்து, பிளவின் இரு பக்கமும் ஜிப்போல் பற்கள் இருந்ததாகவும், சேற்றிலிருந்து புழுக்களை வடித்துத் தின்றதாகவும் சொன்னார்கள். 2016இல் இன்னும் நல்ல மண்டையோடுகள் வந்தன. பிளவே இல்லை. மூக்கு சுத்தியல்போல் பக்கவாட்டில் அகன்றது, அதன் முன்விளிம்பில் உளி வடிவப் பற்கள், பின்னால் ஊசிப் பற்கள். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டி வடிகட்டித் தின்ற தாவரவுண்ணி அது. முதலில் ஆய்ந்தவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். ஒரு மண்டையோடு பாறையின் எடையில் மடங்கியிருந்தது, அவ்வளவுதான். இடது, வலது பக்கங்கள் சமச்சீராக இல்லாத மண்டையோட்டில் விகிதங்களை அளப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். ஒரே ஒரு மாதிரி என்றால் மூன்று முறை.

படி 5: தேய்மானம்

வெறுங்கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசியதால் வந்த தேய்வு தட்டையாக, பளபளவென்று, தெளிவான விளிம்போடு, எதிர்ப்பல்லில் அதன் இணையோடு இருக்கும். உணவு உரசியதால் வந்தது வட்டமாக, விளிம்பில்லாமல் பரவியிருக்கும். நுனியிலிருந்து சில்லு தெறித்து, அந்த முறிவின் மேலும் தேய்வு இருந்தால், பல் எலும்பு போன்ற கடினப் பொருளில் மோதிய பிறகும் வேலை செய்தது என்று பொருள்.

எட்மான்டோசாரஸ் போன்ற வாத்தலகு டைனோசார்களில் பற்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே அரைக்கும் பரப்பாக இருந்தன. அந்தப் பற்களில் ஆறு வகைத் திசுக்கள் இருப்பது 2012இல் காட்டப்பட்டது. மென்மையான திசு சீக்கிரம் தேய, கடினமானது மேடாக நிற்கும், அதனால் பரப்பு எப்போதும் சொரசொரப்பாகவே இருக்கும்.

நுண்தேய்மானத்துக்கு அச்சு எடுக்க வேண்டும். வேலையை அவசரப்படுத்தினால் எல்லாம் வீணாகும்:

பல்லில் பூசிய பாதுகாப்புப் பூச்சை அசிட்டோனில் நனைத்த பஞ்சால் மெதுவாக எடுங்கள். ஒட்டிய மாதிரியாக இருந்தால் முதலில் ஒட்டு எங்கே என்று பாருங்கள். அசிட்டோன் பூச்சை மட்டுமல்ல, பல வகைப் பசையையும் கரைக்கும், பல் கையோடு இரண்டாகும். உங்களுக்குச் சொந்தமில்லாத மாதிரி என்றால் பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் இந்தப் படிக்கே போகாதீர்கள். பிறகு பல் மருத்துவர்கள் அச்சுக்குப் பயன்படுத்தும் பாலிவினைல் சிலாக்ஸேன் வகை சிலிகோனைப் பூசி, இறுகியதும் உரியுங்கள். இந்த முதல் அச்சை எறிந்துவிடுங்கள். அது மிச்சமிருந்த தூசியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும். இரண்டாவது அச்சுதான் ஆய்வுக்கு. வார்ப்பு எடுக்க உடனே எபாக்சிப் பிசினை அதில் ஊற்றாதீர்கள். இந்த சிலிகோன் இறுகியபின் சில மணி நேரம் வாயு விடும், அது வார்ப்பில் குமிழிகளாக மாறும், குமிழியின் அடையாளம் உணவால் வந்த குழி மாதிரியே தெரியும். ஒரு நாள் விட்டு ஊற்றுங்கள்.

வார்ப்பை நுண்ணோக்கியில் பார்க்கும்போது நீளம் அகலத்தைப் போல் நான்கு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் கீறல், குறைந்தால் குழி. இது வழக்கத்தில் உள்ள எல்லைக்கோடு. குழிகள் மிகுந்தால் கடினமான உணவு, ஒரே திசையில் ஓடும் கீறல்கள் மிகுந்தால் இழுத்து அறுக்கும் நார்ப்பொருள் என்பது பொதுவான போக்கு. நீண்ட கழுத்துள்ள தாவரவுண்ணி டைனோசார்களில், கேமராசாரஸின் பல்லில் கரடான தேய்மானம், டிப்ளடோகஸின் பல்லில் மென்மையானது. ஒரே காலத்தில், ஒரே நிலத்தில் வாழ்ந்தாலும் இரண்டும் வேறு வேறு செடியைத் தின்றன என்று நினைக்க இது இடம் தருகிறது.

மணலும் கீறும். தரையோடு ஒட்டிய செடியைத் தின்ற விலங்கின் கீறல்கள் செடியால் வந்தவையா, ஒட்டியிருந்த மண்ணால் வந்தவையா என்று பிரிப்பது கடினம். அதனால் பல்லில் உணவு படாத ஒரு இடத்தையும், அடிப்பக்கத்தில், அச்செடுத்துப் பாருங்கள். அங்கேயும் அதே கீறல்கள் அதே அடர்த்தியில் இருந்தால் அவை தின்றதால் வந்தவை அல்ல. சுத்தம் செய்த ஊசியின் தடம் நீளமாக, நேராக, பக்கத்துப் பாறைக்கும் தொடர்ந்து போகும். அதை எளிதில் அடையாளம் காணலாம்.

இப்போது கைக்கணக்குக்குப் பதிலாக முப்பரிமாண நுண்ணோக்கியால் பரப்பின் சொரசொரப்பையே அளக்கும் முறை பரவிவிட்டது. யார் எண்ணினாலும் ஒரே எண் வரும் என்பது அதன் பெரிய பலம். 2020இல் பறக்கும் ஊர்வனவற்றில் இந்த முறையை, இன்றுள்ள ஊர்வனவற்றின் பற்களை ஒப்பீடாக வைத்துச் செய்தார்கள். ராம்ஃபோரிங்கஸ் இளமையில் பூச்சி போன்ற முதுகெலும்பற்றவற்றையும் வளர்ந்தபின் மீனையும் தின்றது தெரியவந்தது. வடிவத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லியிருக்க முடியாது.

படி 6: பல் எத்தனை நாள் இருந்தது?

இதற்குப் பல்லை அறுத்து மெல்லிய சீவலாக்க வேண்டும், அல்லது சி.டி. ஸ்கேன் வேண்டும், எனவே வீட்டு வேலை அல்ல. ஆனால் வாசிக்கும்போது புரிய வேண்டும். டென்டைனில் நாளுக்கொன்றாக நுண்கோடுகள் படிகின்றன. இயங்கும் பல்லின் கோடுகளிலிருந்து கீழே காத்திருக்கும் மாற்றுப் பல்லின் கோடுகளைக் கழித்தால் எத்தனை நாளுக்கொரு பல் மாறியது என்று வரும். தாவரவுண்ணியான நைஜர்சாரஸில் 14 நாள், டிப்ளடோகஸில் 35, கேமராசாரஸில் 62. இறைச்சியுண்ணிகளில் மஜுங்கசாரஸ் 56 நாள், டைரனோசாரஸ் 777 நாள். பல் வேகமாகத் தேயும் உணவு, வேகமாக மாறும் பல். மஜுங்கசாரஸின் வேகம் எலும்பைக் கொறித்ததோடு பொருந்துகிறது. டைரனோசாரஸும் எலும்பை நொறுக்கியது, ஆனால் அதன் பல் தடித்தது, நெடுநாள் தாங்கியது. ஒரே சிக்கலுக்கு இரண்டு தீர்வு.

படி 7: வயிறும் சாணமும் சாட்சி சொல்லட்டும்

பேரியோனிக்ஸ் 1983இல் இங்கிலாந்தின் சர்ரியில் கிடைத்தது. பல்லும் நீண்ட மூக்கும் மீனைக் காட்டின. விலாவுக்குள் அமிலத்தில் அரித்த மீன் செதில்கள் இருந்தன. அதோடு ஒரு இளம் இகுவானோடான் வகைத் தாவரவுண்ணி டைனோசாரின் எலும்புகளும் இருந்தன. "மீன் மட்டும்" என்று எழுதியிருந்தால் தவறாகியிருக்கும். "குத்திப் பிடிக்கும் வாய்" என்று எழுதியிருந்தால் இரண்டுக்கும் பொருந்தும்.

கனடாவின் சஸ்காட்செவனில் கிடைத்து 1998இல் விவரிக்கப்பட்ட 44 செ.மீ. நீளப் புதைபடிவச் சாணத்தில் 30 முதல் 50 சதவீதம் எலும்புத் துணுக்குகள். அளவையும் இடத்தையும் வைத்து அதை டைரனோசாரஸுடையது என்கிறார்கள், தடித்த பல்லின் கதையோடு அது ஒத்துப்போகிறது. ஆல்பர்ட்டாவில் கிடைத்த போரியலோபெல்டா என்ற கவச டைனோசாரின் வயிற்றிலோ பெரும்பாலும் மென்மையான பெரணி இலைகள். சுற்றிலும் வேறு செடிகள் இருந்தும் அது பொறுக்கித் தின்றிருக்கிறது. அந்த வகையின் சிறிய இலை வடிவப் பல் "தாவரம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. ஆனாலும் வயிறு காட்டுவது கடைசி உணவை மட்டுமே. அது வழக்கமான உணவா, வேறு கிடைக்காத நாளின் உணவா என்று ஒரு வயிற்றை வைத்துச் சொல்ல முடியாது.

வயதையும் விடாதீர்கள். நைல் உடும்பு குட்டியாக இருக்கும்போது கூர்ப்பல், வளர்ந்தபின் நத்தை நொறுக்கும் மழுங்கிய பின்பல். 2023இல் விவரிக்கப்பட்ட, 5 முதல் 7 வயதுள்ள ஒரு இளம் கோர்கோசாரஸின் (டைரனோசாரஸின் உறவு) வயிற்றில் சிட்டிபீஸ் என்ற சிறு டைனோசார்கள் இரண்டின் பின்னங்கால்கள் இருந்தன. அந்த வயதில் அதன் மண்டையோடு ஒல்லி, பல் கத்திபோல் தட்டை. வளர்ந்த கோர்கோசாரஸுக்குத் தடித்த பல், பெரிய இரை. நீண்ட கழுத்துள்ள ஊர்வனவான டானிஸ்ட்ரோஃபியஸில் இதற்கு நேர் எதிரான பாடம் உண்டு. மூன்று முனைப் பல்லுள்ள சிறியவற்றைக் குட்டிகள் என்றே நினைத்திருந்தார்கள். 2020இல் எலும்பின் வளர்ச்சிக் கோடுகளைப் பார்த்தபோது அவை வளர்ந்த தனி இனம் என்று தெரிந்தது. கோத்துக்கொள்ளும் கோரைப்பல்லுள்ள பெரியது வேறு இனம். ஒரே கடலில் வேறு வேறு இரை.

படி 8: முடிவை எழுதும் முறை

ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று வரிகளைத் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்றில் சான்று இல்லையென்றால் "சான்று இல்லை" என்றே எழுதுங்கள். ஒரு எடுத்துக்காட்டு:

"வடிவம்: தட்டையான, பின்வளைந்த பக்கப்பல், அகலம்/நீளம் 0.44, பின்விளிம்பில் 5 மி.மீ.க்கு 12 நுண்பற்கள். சதை அறுக்க ஏற்றது. தேய்மானம்: நுனியில் சில்லு தெறித்து அதன்மேல் வழவழப்பு, கடினப் பொருளில் மோதிய பின்னும் பயன்பட்டது. நேரடிச் சான்று: இல்லை. மாதிரி: உதிர்ந்த பல், ஒன்று, வேரில்லை, வயது தெரியாது."

பிறகு வேறொருவர் அதே பாறையில் ஒரு முழுத் தாடையைக் கண்டெடுத்தால், இந்த வரிகளில் எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே விடலாம் என்று அவருக்கு உடனே தெரியும்.